ஏழிலிருந்து இருபத்தைந்துக்கு: தமிழ்ப் பிரதியோடு ரைட்டர் 25.8

"ஏம்மா, பக்கம் குறையுதாமே? ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

தொலைபேசியில் கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதையை எழுதி முடித்து, புத்தகம் எப்போது கைக்கு வரும் என்று காத்திருப்பவர். பதில் சொல்ல வேண்டியவர், மதுரையில் வீட்டு முன்னறையில் மேசை போட்டுப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துதரும் பெண். "ஒரு வரிகூடப் போகல சார். எழுத்துதான் மாறியிருக்கு. நாளைக்குள்ள சரி பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பழைய மேசைக் கணினியில் 272 பக்கமாக இருந்த பிரதி, புதிய மடிக்கணினியில் 259 பக்கமாகத் திறந்திருந்தது. 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்குப் போடும் அச்சகத்துக்கு 272 என்றால் கச்சிதமாக 17 ஃபாரம். 259 என்றால் கடைசி ஃபாரத்தில் மூன்று பக்கம்தான் எழுத்து, மீதி 13 பக்கம் வெள்ளைத் தாள். பொருளடக்கத்தில் கையால் அடித்து வைத்திருந்த பக்க எண்கள் எல்லாம் பொய்யாகிவிட்டன. அத்தியாயம் முடியும் இடங்களில் கட்டி வைத்த சின்னச் சின்ன ஓவியங்கள் வேறு பக்கத்துக்குத் தாவியிருந்தன.

அந்த வாரம் அவர் மாற்றியவை இரண்டு. விண்டோஸ் 7 ஓடிய பழைய கணினியை ஓரங்கட்டிவிட்டு விண்டோஸ் 11 மடிக்கணினிக்கு வந்திருந்தார். பல ஆண்டுகளாகப் பழகிய லிப்ரே ஆபிஸ் 7.2-ஐ விட்டு 25.8-ஐ நிறுவியிருந்தார். சந்தேகம் முதலில் அதன் எழுத்துச் செயலியான புதிய ரைட்டரின் மேல்தான் விழுந்தது. அது நியாயமான சந்தேகம் இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

தமிழ் வரி ஒன்றில் கர்சரை வைத்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பார்த்தால், 'லதா' என்ற பெயர் சாய்ந்த எழுத்தில் நின்றது. கோப்பு கேட்கும் எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை, வேறொன்றை வைத்துச் சமாளிக்கிறேன் என்று ரைட்டர் சொல்லும் முறை அது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த லதா, விண்டோஸ் 10-இலிருந்து தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் விருப்பக் கூறுகள் பகுதிக்குப் போய், தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். லதாவும் விஜயாவும் அதற்குள் இருக்கின்றன. கேட்காதவர்களுக்கு விண்டோஸ் 8-இல் அறிமுகமான நிர்மலா யுஐ வந்து அந்த இடத்தில் உட்காரும். இரண்டு எழுத்துருவுக்கும் அகலம் வேறு, வரி உயரம் வேறு. ஒரு வரியில் ஒரு நூலளவு வித்தியாசம் இருந்தாலும் 272 பக்கத்தில் அது பதின்மூன்று பக்கமாகத் திரண்டு நிற்கும்.

ஆக, பக்கத்தைக் குறைத்தது புதிய ரைட்டர் இல்லை. ஆனால் புதிய பதிப்புக்கு மாறும் யாரும் சந்திக்கப்போவது இந்த மாதிரிக் குழப்பத்தைத்தான். மென்பொருள் மாறும்போது, நம் கோப்பு இத்தனை நாள் எதன் தயவில் ஒழுங்காக நின்றது என்பது வெளியே வந்துவிடுகிறது. ரைட்டர் 25.8-ஐ அந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் பயனுள்ளது. பொத்தான்கள் எங்கே இடம் மாறியிருக்கின்றன என்பது இரண்டு நாளில் பழகிவிடும் விஷயம்.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 2023 ஆகஸ்டில் 7.6 வந்தது. அதற்கு அடுத்தது 24.2. இடையில் பதினாறு பதிப்புகள் காணாமல் போகவில்லை. 2024-ஆம் ஆண்டின் இரண்டாம் மாதம் என்பதைத்தான் அப்படி எழுதுகிறார்கள். அதன்படி 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரிய பதிப்பு வரும். ஒருவர் எவ்வளவு காலம் பின்தங்கியிருக்கிறார் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் இந்தப் புதிய முறை நல்ல முறை.

மென்பொருளின் வம்சாவளியும் நீளமானது. ஜெர்மனியின் லூனபர்க் நகரில் மார்கோ பொரீஸ் என்ற பதின்வயது இளைஞர் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் ஸ்டார் ரைட்டர்தான் வேர். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கி, அடுத்த ஆண்டு மூல நிரலைத் திறந்துவிட்டது. அப்படிப் பிறந்தது ஓப்பன் ஆபிஸ். 2010-இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனதும், அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர்கள் பிரிந்து வந்து ஆவண அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். லிப்ரே ஆபிஸ் என்ற பெயர் அப்போது வந்தது. தமிழ்நாட்டில் 2000-களின் பின்பகுதியில் எல்காட் நிறுவனம் லினக்ஸையும் ஓப்பன் ஆபிஸையும் முன்னெடுத்த காலத்தில் இதைத் தொட்டுப் பார்த்தவர்கள் பலர் இன்னமும் 'ஓப்பன் ஆபிஸ்' என்றே சொல்கிறார்கள். இன்றும் காசில்லை. உரிமக் குறியீடு எதுவும் அடிக்க வேண்டாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: 25.8 விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றிலும் நிறுவப்படாது. நம் ஊர் டிடிபி கடைகளில் விண்டோஸ் 7 இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிறுவுவது எளிது. விண்டோஸ் கோப்பு 350 எம்பி அளவில் இருக்கும். புதியதை நிறுவினால் பழையது தானாக நீங்கிவிடும். ஆனால் நாம் சேர்த்து வைத்த அகராதிச் சொற்கள், ஆட்டோ கரெக்ட் பட்டியல், வார்ப்புருக்கள், குறுக்கு விசைகள் எல்லாம் தனியாக ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன, அவை நீங்காது. விண்டோஸில் ஆப் டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபிஸ் என்று உள்ளே போனால் '4' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நான்காம் பதிப்புக் காலத்தில் வைத்த பெயர். 25.8-க்கும் அதே '4' தான். புதிய கணினிக்குப் போகிறவர்கள் இந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அதே இடத்தில் வைத்தால் பழைய பழக்கங்கள் எல்லாம் கூடவே வந்துவிடும். மதுரைப் பெண் முதலில் செய்தது இதைத்தான். பல ஆண்டுகளாகச் சேர்த்த ஊர்ப் பெயர்கள், சாதிப் பட்டங்கள், உறவுப் பெயர்கள் அடங்கிய அவருடைய தனி அகராதி பத்திரமாக வந்து சேர்ந்தது. பழையதைக் கை வைக்காமல் புதியதைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு, நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் பதிப்பும் உண்டு. கையில் அவசர வேலை இருப்பவர்கள் அதில் தொடங்குவது நல்லது.

திறந்ததும் தோன்றும் வரவேற்புப் பெட்டியில் இடைமுகத்தையும் தோற்றத்தையும் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பழைய மெனுவும் கருவிப்பட்டையும் வேண்டுமா, வேர்டு போலத் தாவல் தாவலாகப் பிரித்த பட்டை வேண்டுமா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வேர்டு 2003-இலிருந்து 2007-க்கு மாறிய நாட்களை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை புரியும். மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பனை வைத்தபோது, பழகிய கட்டளையைத் தேடித் தேடி வேலை நின்ற அலுவலகங்கள் எத்தனையோ. ரைட்டர் யாரையும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஏழாம் பதிப்பில் கை பழகியவர் மெனுவையே வைத்துக்கொண்டால், முதல் நாளிலேயே பழைய வேகத்தில் வேலை செய்யலாம்.

இனி, மாறியே ஆக வேண்டும் என்று சொல்லவைக்கும் வசதிக்கு வருவோம். பெயர் ஸ்பாட்லைட். 7.6-இல் வந்தது. 7.2-இலிருந்து நேரே தாவியவருக்கு முற்றிலும் புதிது. எஃப்11 விசையை அழுத்தினால் வலப்பக்கம் ஸ்டைல் பட்டியல் விரியும். அதன் அடியில் ஸ்பாட்லைட் என்ற சின்னக் கட்டத்தை டிக் செய்தால், ஒவ்வொரு பத்திக்கும் இடது ஓரத்தில் ஒரு வண்ணப் பட்டையும் எண்ணும் தோன்றும். ஒரே ஸ்டைலில் இருக்கும் பத்திகளுக்கு ஒரே வண்ணம், ஒரே எண். ஸ்டைலை மீறிக் கையால் ஏதாவது செய்திருந்தால் அந்தப் பட்டை கோடு கோடாகத் தெரியும்.

தலைமையாசிரியரின் பிரதியில் இதைப் போட்டபோது பக்கம் முழுக்கக் கோடுகள்தான். தலைப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தவை எல்லாம் உண்மையில் சாதாரணப் பத்திகள். எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தியிருந்தார்கள். சில 'நடுவில்' என்பதே இருபது முறை ஸ்பேஸ் தட்டி வந்த நடு. அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க, பக்கம் தீரும்வரை என்டர் தட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் 19 வெற்றுப் பத்திகள். லதா இருந்தவரை அந்தப் பத்தொன்பது என்டரும் சரியான இடத்தில் கொண்டு விட்டன. எழுத்துரு மாறியதும் தலைப்பு பக்கத்தின் பாதியில் வந்து நின்றது. யாரையும் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய கைகள் கணினியிலும் அப்படித்தான் வேலை செய்யும், வேறு விதமாக யாரும் சொல்லித் தரவும் இல்லை. இத்தனை காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததை இப்போது ஒரு பார்வையில் பார்க்க முடிகிறது என்பதுதான் ஸ்பாட்லைட்டின் பெருமை.

சரிசெய்யும் வேலை ஒரு முற்பகல் எடுத்தது. தேடி மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை டிக் செய்து ^$ என்று தேடி, மாற்றாக எதுவும் தராமல் விட்டால் வெற்றுப் பத்திகள் அத்தனையும் ஒரே அடியில் போகும். பிறகு தலைப்புகளுக்குத் தலைப்பு ஸ்டைல், அந்த ஸ்டைலிலேயே 'முன்னால் புதுப் பக்கம்' என்ற விதி. கண்ட்ரோல் எம் அழுத்தினால் கையால் செய்த அலங்காரம் எல்லாம் கழன்றுவிடும். அதில் மட்டும் அவசரப்படக் கூடாது. நூல் பெயர்களுக்கும் அழுத்திச் சொல்லும் இடங்களுக்கும் போட்ட தடிப்பும் சேர்ந்து போய்விடும். அவற்றை முதலில் கேரக்டர் ஸ்டைலாக மாற்றி வைத்துவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் இதோடு நிறுத்த முடியாது. நமக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கோப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ரைட்டரின் ஓடிடி கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரதி எடுத்து, பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே கன்டென்ட், ஸ்டைல்ஸ், செட்டிங்ஸ், மெட்டா என்று சில எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். கன்டென்ட் கோப்பை நோட்பேடில் திறந்தால் நம் கதை தமிழிலேயே தெரியும். பத்திக்குப் பத்தி அலங்காரத்தைக் கையால் மாற்றிய இடங்களில் எல்லாம் ரைட்டர் தானாகவே பி1, பி2, டி1, டி2 என்று அநாமதேய ஸ்டைல்களை உருவாக்கி வைத்திருப்பதையும் பார்க்கலாம். தலைமையாசிரியரின் கோப்பில் அந்த வரிசை நூறைத் தாண்டிப் போயிருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு ஸ்டைலிலும் எழுத்தின் அளவு மூன்று முறை எழுதப்பட்டிருக்கும். வெறும் 'ஃபான்ட் சைஸ்' ஒன்று, 'ஃபான்ட் சைஸ் ஏசியன்' ஒன்று, 'ஃபான்ட் சைஸ் காம்ப்ளெக்ஸ்' ஒன்று. எழுத்துருவின் பெயரும் அப்படியே மூன்று. தடிப்பும் சாய்வும்கூட மூன்று மூன்று.

முதல் அறை ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கு. இரண்டாவது சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு. மூன்றாவது காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற வகைக்கு. அரபியும் இந்தியும் தமிழும் அந்த அறையில்தான் குடியிருக்கின்றன. ஸ்டைலைத் திறந்து முதல் தாவலில் அளவை 12 என்று மாற்றிவிட்டு, தமிழ் எழுத்து அசையவே இல்லையே என்று தவிக்கிறவர்கள் மாற்றியது ஆங்கிலத்தின் அளவை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய், மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, இயல்பு மொழியாகத் தமிழைக் கொடுத்தால்தான் அந்த அறையின் கதவு நமக்குத் திறக்கும். வெளியிலிருந்து வரும் பல கோப்புகளில் அந்த அறையில் 'லோஹித் தேவநாகரி' என்ற பெயர் இருக்கும். அது இந்திக்கான எழுத்துரு, அதில் தமிழ் இல்லை. கணினிக்குக் கணினி வேறு வேறு தமிழ் எழுத்துரு வந்து அந்த இடத்தை நிரப்புவதால், ஒரே கோப்பு வீட்டில் ஒரு பக்க எண்ணிக்கையும் அச்சகத்தில் வேறொரு எண்ணிக்கையும் காட்டும். வேர்டிலும் இதே அறைப் பிரிவு உண்டு.

பாமினி எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு வந்த கோப்புகளில் இந்த அறைப் பிரிவு இன்னும் பெரிய வேலை வைக்கும். தலைமையாசிரியர் முதல் எட்டு அத்தியாயங்களைப் பல ஆண்டுகளுக்கு முன் பாமினியில் தட்டச்சு செய்ய வைத்திருந்தார். பாமினிக் கோப்பில் 'தமிழ்' என்ற சொல் தமிழாக இருக்காது. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கும். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது எழுத்துரு. மென்பொருளைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். ஆகவே பாமினி என்ற பெயரும் அதன் 14 புள்ளி அளவும் முதல் அறையில் பதிவாகியிருக்கும். மாற்றி கொண்டு ஒருங்குறியாக்கி அதே பத்தியில் ஒட்டியதும், எழுத்து மூன்றாம் அறைக்குக் குடிபோகிறது. அங்கே 14 இல்லை, வேறு அளவு, வேறு எழுத்துரு. முதல் அறையிலோ பாமினி இன்னும் குடியிருக்கிறது. அதனால் அந்தப் பத்தியில் புதிதாக ஆங்கிலத்தில் ஒரு பட்டப் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ அடித்தால், பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகத் தெரியும். பேய் பிடித்த கோப்பு என்று பலர் கைவிட்டுவிடும் கட்டம் இது. மூன்று அறைகளையும் ஸ்டைலில் ஒழுங்காக நிரப்பி, பத்திகளின் கை அலங்காரத்தைக் கழற்றினால் எல்லாம் நேராகிவிடும்.

மாற்றியைக் குறை சொல்ல முடியாத பிழைகளும் உண்டு. பிரதியின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் 'தும்பி அப்போது கொழும்பில் இருந்தான்' என்று தொடங்கியது. தும்பி எப்படிக் கொழும்புக்குப் போகும்? பாமினியில் சிறிய ஜே என்பது 'த', பெரிய ஜே என்பது 'து'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோ கரெக்ட், தம்பியைத் தும்பியாக்கியிருக்கிறது. அதே கணக்கில் 'கடல்' என்று தொடங்கிய ஒரு வாக்கியம் 'குடல்' ஆகியிருந்தது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எந்தப் பிழைத்திருத்தியும் பிடிக்காது. வாக்கியத் தொடக்கங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இன்னும் பாமினியில் தட்டச்சு செய்கிறவர்கள், புதிய பதிப்பைப் புத்தம் புதிதாக நிறுவினால் இந்த ஆட்டோ கரெக்ட் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும்.

ஒருங்குறியிலும் இரண்டு பொறிகளைக் கவனிக்க வேண்டும். 'கௌரவம்' என்பதன் முதல் எழுத்தை ஔகாரக் குறியோடு அடிக்காமல், ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால் ளகரத்தைச் சேர்த்து 'கெளரவம்' என்று அடிப்பது மிகப் பரவலான பழக்கம். அச்சில் வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது. 'ஸ்ரீ' என்பதும் இரண்டு விதமாக வரும். பழைய முறை ஸகரத்தில் தொடங்கும். 2005-இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்ந்த பிறகு அந்த எழுத்தில் தொடங்குவது இன்னொரு முறை. ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்திருந்தால் சொல்லடைவு இரண்டாகப் பிரிந்துவிடும். தேடி மாற்றும் பெட்டியில் ஐந்து நிமிட வேலை. ஆனால் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து திரையில் உருவாகும் விதத்தில் புதிய பதிப்புகள் தேறியிருக்கின்றனவா? எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலையை 2017-இல் வந்த 5.3 முதலே எல்லா இயங்குதளத்திலும் ஹார்ஃபஸ் என்ற பொது இயந்திரம் செய்கிறது. அதனால் 7.2-இலேயே கொம்பும் காலும் ஒழுங்காகத்தான் நின்றன. 2024-இல் ஆவண அறக்கட்டளை அரபி, இந்திய மொழிகள், கிழக்காசிய மொழிகள் ஆகியவற்றின் எழுத்துச் சிக்கல்களுக்கென்றே ஒரு பொறியாளரைப் பணியில் சேர்த்தது. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து உருவான ஒரு துறையில் இது மனதார வரவேற்க வேண்டிய முடிவு.

சின்ன வசதிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பக்க எண் போட முன்பு ஃபுட்டரை இயக்கி, உள்ளே போய், ஃபீல்டு சேர்க்க வேண்டும். இப்போது இன்செர்ட் மெனுவில் பக்க எண் விசார்டு ஒன்று இருக்கிறது, ஒரே படியில் முடியும். கணினி நின்றுபோனால் மீட்க உதவும் தகவலைச் சேமிப்பது 24.2 முதல் இயல்பாகவே இயங்குகிறது. மின்வெட்டில் ஒரு பிற்பகல் வேலையைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த ஒன்றே போதும். கோப்பு திறக்கும் வேகம் 30 சதவீதம் வரை கூடியிருப்பதாக அறக்கட்டளை தன் சோதனைகளைக் காட்டிச் சொல்கிறது. 272 பக்கக் கோப்பில் வேகம் கூடியதை உணர முடிந்தது. ஆனால் கணினியும் புதிது என்பதால் முழுப் புகழையும் ரைட்டருக்கே கொடுப்பது சரியாக இருக்காது.

குறைகளும் இருக்கின்றன. தமிழில் ஒரு வினைச்சொல் எத்தனை வடிவம் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொற்பட்டியலை நம்பி ஓடும் பிழைத்திருத்தி 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற சொல்லைப் பார்த்ததும் சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. ஒரு பக்கத்தில் இருபது சிவப்புக் கோடுகளுக்கு நடுவே உண்மையான ஒரு பிழை ஒளிந்துகொள்கிறது. மெய்ப்புப் பார்ப்பவரின் இடத்தை இது நிரப்பும் நாள் தொலைவில் இருக்கிறது.

இரு பக்க ஓரமும் நேராக நிற்கும்படி வரி அமைப்பதில் இன்னொரு தொல்லை. தமிழ்ச் சொற்கள் நீளம். அகலம் குறைந்த பக்கத்தில் நீண்ட சொல் அடுத்த வரிக்குப் போனால், மிஞ்சிய நாலைந்து சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். 25.8-இல் சொல்லைப் பிரிப்பதிலும் சொல் இடைவெளியிலும் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆங்கிலப் பத்திகளில் அது பளிச்சென்று தெரிகிறது. தமிழில் இடைவெளி கொஞ்சம் சீராகியிருக்கிறது. சொல்லைப் பிரிப்பதோ இன்னும் வடிவமைப்பவரின் கைவேலைதான். நம் அச்சு மரபில் வரி முடிவில் கோடு போடாமலே சொல்லைப் பிரிப்பது வழக்கம் என்பதால், மதுரைப் பெண் தேவையான இடங்களில் அகலமில்லா இடைவெளிக் குறியைச் செருகுகிறார். இன்செர்ட் மெனுவில் ஃபார்மேட்டிங் மார்க் என்ற பகுதியில் அது இருக்கிறது. முழுப் புத்தகத்துக்கு நூற்றுக்கணக்கில் செருக வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களோடு கோப்பைப் பரிமாறிக்கொள்வதிலும் கவனம் தேவை. 25.2 முதல் ரைட்டர் ஓடிஎஃப் 1.4 என்ற புதிய வடிவத்தைப் படிக்கவும் எழுதவும் செய்கிறது. எதிர்முனையில் ஏழாம் பதிப்பே இருந்தால், ஆப்ஷன்ஸில் லோட், சேவ் பகுதிக்குப் போய் 1.3-ஐத் தேர்ந்து சேமித்து அனுப்புவது பாதுகாப்பு.

அப்படியானால் பழையதிலேயே இருந்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் டாஸ் கணினியில் வேர்டுஸ்டார் 4.0 வைத்து எழுதுவதாக அவரே தொலைக்காட்சியில் சொல்லியிருக்கிறார். அது அவருக்குச் சரி. அவர் எழுதித் தருகிறார், பக்கம் கட்டுவதும் அச்சுக்கு அனுப்புவதும் வேறு பலருடைய வேலை. எழுத்தாளர், மெய்ப்புப் பார்ப்பவர், ஓவியர், அச்சகம் என்று நான்கு கைகளுக்கு நடுவே கோப்பைக் கொண்டுபோகிறவருக்கு அந்த வசதி இல்லை. இணையத்தோடு இணைந்த கணினியில், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன பதிப்பில், யார் யாரோ அனுப்பும் கோப்புகளைத் திறந்துகொண்டிருப்பது ஆபத்தும்கூட. 7.2-இலோ அதற்கு முந்தையதிலோ இருப்பவர்கள் மாறிவிடுவது நல்லது. 24.8-இல் இருப்பவர்கள் கையிலுள்ள புத்தகத்தை முடித்துவிட்டு மாறினால் போதும்.

தலைமையாசிரியரின் பிரதிக்கு அந்தப் பெண் லதாவைத் திரும்ப நிறுவவில்லை. நிறுவியிருந்தால் 272 உடனே வந்திருக்கும், அடுத்த கணினியில் மறுபடி கலைந்திருக்கும். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழை உடல் ஸ்டைலின் மூன்றாம் அறையில் வைத்தார், முதல் அறையிலிருந்து பாமினியை வெளியேற்றினார், பொருளடக்கத்தைத் தலைப்பு ஸ்டைலிலிருந்து தானாக எழ வைத்தார். ஃபைல் மெனுவில் ப்ராப்பர்டீஸ் திறந்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் கட்டத்தை டிக் செய்தார். எழுத்தின் அளவை அரைப் புள்ளி கூட்டி, வரி இடைவெளியை ஸ்டைலில் ஒரே இடத்தில் தளர்த்தியதும் 271 பக்கம் வந்தது. கடைசிப் பக்கம் காலியாக நின்றது.

அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்பை ஹைப்ரிட் முறையில் எடுத்திருந்தார். அதன் வயிற்றுக்குள்ளேயே ஓடிடி கோப்பும் இருக்கும், பின்னொரு நாள் மறுபதிப்பு வந்தால் பிடிஎஃப்பையே ரைட்டரில் திறந்து திருத்தலாம். மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் பேசினார். "சார், ஒரு பக்கம் காலியா இருக்கு. பாட்டி படம் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அதைப் போட்டுடலாமா?"

படம் மதியமே வந்துவிட்டது.